கனடா ஏரியும் இல்ஃபர்ட் குளமும் ஒன்றல்ல

டிசம்பர் பிறந்தால் எங்கட வாட்ஸ்அப் குழுக்களுக்கு இரண்டு விதமான வீடியோ வந்து சேரும். ஒன்று, ரொறன்ரோவில் இருக்கிற மச்சான்மார் சிம்கோ ஏரியில் ஸ்னோமொபைல் ஓடுகிற வீடியோ. ஏரி முழுக்க வெள்ளை. இஞ்சின் சத்தத்துக்கு மேலால் யாரோ "டேய், மெல்லமாப் போடா" என்று தமிழில் கத்துவது கேட்கும். மற்றது, லண்டனிலிருந்து விடுமுறைக்குப் பின்லாந்துக்கோ வடக்கு நோர்வேக்கோ போன குடும்பத்தின் வீடியோ. அப்பா வண்டி ஓட்ட, அம்மா பின்னால் இறுக்கிப் பிடித்தபடி. சின்னப் பிள்ளைகள் வழிகாட்டியின் வண்டி இழுக்கிற சறுக்குவண்டியில் போர்வைக்குள் புதைந்திருப்பார்கள். அந்த உறைந்த ஏரியின் நடுவில் நின்று எடுத்த படம் வீட்டு வரவேற்பறைக்கும் வந்துவிடும்.

இதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வெயிலிலே பிறந்த சனம் பனியிலே விளையாடப் பழகியது நல்ல விஷயம். ஆனால் அந்த வீடியோக்களில் ஒரு பொருள் இருக்கும், அதை யாரும் கவனிப்பதில்லை. ஐஸ் மேல் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாக நட்டு வைத்திருக்கிற தடிகள். சுவீடனில் தடியின் தலையில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். கனடாவில் நிறம் பூசிய தடியோ, வெளிச்சம் பட்டால் மினுங்கும் அம்புக்குறியோ இருக்கும். மிச்சிகனில் மக்கினாக் தீவுக்காரர், கிறிஸ்மஸ் முடிந்து வீசுகிற மரங்களையே ஐஸில் வரிசையாக நட்டு, தீவிலிருந்து கரைக்கு ஸ்னோமொபைல் பாதை குறிப்பார்கள். அந்தத் தடிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்கட பிள்ளைகள் அங்கே போய் "ஐஸ் வண்டியையே தாங்கும்" என்ற பாடத்தைப் படித்துக்கொண்டு வருகிறார்கள். தடி ஏன் இருந்தது என்ற மற்றப் பாதியைப் படிப்பதில்லை. அரைப் பாடத்தோடு இல்ஃபர்ட் வலன்டைன்ஸ் பார்க் குளத்துக்கும், டூட்டிங் காமன் குளத்துக்கும், வெம்பிளிக்குக் கிட்ட இருக்கிற வெல்ஷ் ஹார்ப் நீர்த்தேக்கத்துக்கும் திரும்பி வருகிறார்கள்.

இந்த வண்டி எப்படி வந்தது என்று பார்த்தால் அது விளையாட்டுக்காகப் பிறந்ததில்லை என்பது விளங்கும். கியூபெக் மாகாணத்தில் வல்கூர் என்ற சின்ன ஊரில் ஜோசப்-அர்மான்ட் பொம்பார்டியே என்று ஒரு மெக்கானிக் இருந்தார். அந்தக் காலத்தில் குளிர் தொடங்கினால் அந்தப் பக்கத்து வீதிகள் வசந்தம் வரும்வரை மூடிக் கிடக்கும். 1934இல் அவருடைய 2 வயது மகனுக்கு வயிற்றில் நோய் முற்றியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பனிக்குள்ளால் போகக்கூடிய வண்டி ஓட்டத்துக்குத் தயாராக இருக்கவில்லை. பிள்ளை இறந்துபோனது. அதற்கு முதலே பனி வண்டிச் சோதனைகளில் இறங்கியிருந்தவர், அதன் பிறகு விடவே இல்லை. சங்கிலிப் பட்டையைச் சுழற்றும் பற்சக்கர அமைப்புக்கு 1937இல் காப்புரிமை எடுத்தார். அவர் முதலில் செய்தவை ஏழு பேர் இருந்து போகும் பெரிய வண்டிகள். டாக்டர்மாரும் தபால்காரரும் பள்ளிக்கூடங்களும் வாங்கினார்கள். ஒருவர் இருவர் ஏறிப் போகிற சிறிய ஸ்கி-டூ 1959இல்தான் சந்தைக்கு வந்தது. அதுவும் வேட்டைக்காரருக்கும் பாதிரிமாருக்கும் நாய்வண்டிக்குப் பதிலாக இருக்கட்டும் என்ற எண்ணத்தில் செய்தது. பொழுதுபோக்கானது பிறகு நடந்த கதை.

அதே கியூபெக்கின் கிழக்குக் கோடியில் இன்றைக்கும் வீதியே இல்லாத கரையோரக் கிராமங்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் அவற்றை இணைப்பது 'வெள்ளைப் பாதை' என்று அழைக்கப்படும் ஸ்னோமொபைல் தடம். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளம். ஏரி, குடா, நிலம் எல்லாவற்றையும் மாறி மாறிக் கடந்து போகும். அரசாங்கப் பணத்தில் குறித்துப் பராமரிக்கிற பாதை அது. சாமான் வாங்க, சொந்தக்காரரைப் பார்க்க, செத்த வீட்டுக்குப் போக எல்லாம் அதுதான் வழி. ஒரு பகுதியில் ஐஸ் சரியில்லை என்றால் அந்தத் துண்டை மூடிவிடுவார்கள். மூடினால் மூடினதுதான்.

அப்படியானால் பாதை குறிப்பது என்றால் என்ன? ஆள் போய்த் துளையிட வேண்டும். தடிப்பை அளக்க வேண்டும். ஒரு இடத்தில் அல்ல, வழி நெடுக. கனடாவிலும் அமெரிக்காவிலும் சொல்கிற பொதுவான கணக்கு இது: தெளிந்த, புதிதாக உறைந்த ஐஸ் என்றால் ஆள் நடக்க ஆகக்குறைந்தது 10 சென்ரிமீற்றர், ஸ்னோமொபைலுக்கு 12 முதல் 18 வரை, சிறிய காருக்கு 20 முதல் 30 வரை. வெள்ளையாக, பால் மாதிரி இருக்கிற ஐஸ் என்றால் இரண்டு மடங்கு வேண்டும். அது ஸ்னோ ஊறித் திரும்ப உறைந்தது. உள்ளே காற்றுக் குமிழி, பலம் பாதி. ஆறு வந்து விழும் வாய், பாலத்தின் அடி, நாணல் நிற்கும் ஓரம், ஊற்று இருக்கும் இடம் என்று ஒரே ஏரியில் ஒரே நாளில் தடிப்பு மாறும். பத்து அடி தள்ளினால் வேறு கதை. அதனால்தான் தடியை விட்டு விலகாதே என்கிறார்கள்.

அங்கேயும் யாரும் உத்தரவாதம் தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோ மாகாணப் பொலிசார் வருடா வருடம் சொல்லும் வசனம், பத்திரமான ஐஸ் என்று ஒன்று இல்லை என்பதுதான். அங்கே தடி நடுகிற கழகங்களும், இது நாங்கள் போகச் சொல்லும் வழி, ஆனால் உன் பொறுப்பில் போ என்றுதான் எழுதி வைக்கின்றன. எஸ்தோனியாவில் ஹியுமா தீவுக்குக் கடல்மேல் 25 கிலோமீற்றருக்கு மேல் ஐஸ் வீதி திறப்பார்கள், குளிர் போதுமான வருடங்களில் மட்டும். அந்த வீதியின் விதிகளைக் கேட்டால் எங்கட ஆட்கள் சிரிப்பார்கள். சீற் பெல்ட் போடக் கூடாது, ஐஸ் உடைந்தால் உடனே வெளியே பாய வேண்டும். முன்னுக்குப் போகிற காருக்கு 250 மீற்றர் தள்ளித்தான் வரலாம். பொழுது பட்டால் வீதி மூடப்படும். மணிக்கு 25 கிலோமீற்றருக்குக் குறைவாகப் போ, அல்லது 40க்கும் 70க்கும் இடையில் போ, நடுவில் போகாதே என்றும் ஒரு விதி. அந்த இடைப்பட்ட வேகத்தில் ஓடினால் வண்டியின் பாரத்தால் ஐஸுக்குக் கீழே தண்ணீரில் எழும் அலை சேர்ந்து பெருத்து ஐஸையே உடைத்துவிடும். இதையெல்லாம் ஒரு நாளில் எழுதியிருக்க மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக ஐஸோடு வாழ்ந்தவர்களின் அறிவு அது.

எங்கட ஆட்களிலும் அந்த அறிவு உள்ளவர்கள் இருக்கிறார்கள். 1980களில் ஈழத்திலிருந்து நோர்வேக்குப் போனவர்களில் நிறையப் பேர் வடகோடி ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஊர்களுக்குத்தான் போனார்கள். ஹமர்ஃபெஸ்ற், வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட் என்று பெயரைச் சொன்னால் இன்றைக்கும் கண் மலரும் குடும்பங்கள் உண்டு. சூரியன் வாரக்கணக்கில் எட்டிப் பார்க்காத இடத்தில் மீன் வெட்டிப் பிள்ளை வளர்த்தவர்கள். அந்த ஊர்களில் ஸ்னோ ஸ்கூட்டர் என்பது எங்கட ஊர் சைக்கிள் மாதிரி. அங்கேயும் நினைத்த இடத்தில் ஓட முடியாது. 1977இல் வந்த சட்டம் வெளிநிலங்களில் மோட்டார் வண்டிகளைப் பொதுவாகத் தடை செய்கிறது. குறித்த தடங்களில் மட்டும் அனுமதி. ஃபின்மார்க்கில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்குத் தடி ஏன் இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. லண்டனில் வளரும் பிள்ளைக்குத்தான் தேவை.

ஏனென்றால் லண்டனில் தடி இல்லை. ஒருகாலத்தில் இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

தேம்ஸ் உறைந்த காலம் அது. 1683-84 குளிரில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆறு கட்டிப்பட்டுக் கிடந்தது. வெஸ்ட்மின்ஸ்டருக்கும் ரெம்பிளுக்கும் இடையில் வாடகைக் குதிரை வண்டிகள் ஐஸ் மேலேயே ஓடின. கடைத்தெருவே போட்டார்கள். கடைசித் திருவிழா 1814 பெப்ரவரி தொடக்கத்தில், நான்கு நாள்தான். பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்திலிருந்து லண்டன் பாலம் வரை ஆற்றின் நடுவால் போன பாதைக்கு 'சிற்றி ரோட்' என்று பெயர் வைத்து, இரண்டு பக்கமும் கூடாரம் அடித்து, சாராயமும் சுட்ட ஆட்டிறைச்சியும் விற்றார்கள். அச்சு இயந்திரம் கொண்டுவந்து ஞாபகத் துண்டு அடித்துக் கொடுத்தார்கள். யானை நடத்திக் காட்டினார்கள் என்றும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் படகோட்டிகளின் கதைதான். ஆறு உறைந்தால் ஓடம் ஓடாது, பிழைப்புப் போச்சு. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கரையிலிருந்து ஐஸுக்கு இறங்கப் பலகை போட்டு, இதால்தான் இறங்கலாம் என்று காட்டிக் காசு வாங்கினார்கள். பகல் கொள்ளை என்று அப்போது திட்டியிருப்பார்கள். ஆனால் ஆற்றின் எந்த மூலையில் நீரோட்டம் இழுக்கும், எந்த ஓரத்தில் ஐஸ் மெல்லிசு என்று அந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியும்? கனடாவில் தடி நடுகிறவரும் தேம்ஸில் பலகை போட்டவரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். அந்த 1814இலேயே, ஈயம் சுமந்துகொண்டு பிளாக்ஃபிரையர்ஸ் அருகே குறுக்கால் கடக்கப் பார்த்த ஒரு தொழிலாளி இரண்டு ஐஸ் பாளங்களுக்கு நடுவில் போய்விட்டார். பிறகு வரவே இல்லை.

இனி அப்படி உறையாது. பழைய லண்டன் பாலத்துக்குக் கிட்டக் கிட்டக் குத்தித் தூண்கள், அவை ஆற்றை அணை மாதிரி மறித்து வைத்திருந்தன. புதுப் பாலம் 1831இல் திறந்த பிறகு பழையதை உடைத்தார்கள். பிறகு கரைகளில் சுவர் கட்டி ஆற்றை ஒடுக்கினார்கள். ஒடுங்கிய ஆறு வேகமாக ஓடும். உலகமும் சூடாகிவிட்டது. 1963இன் பெரிய குளிரில்கூட மேல்பக்கத்தில் ஒக்ஸ்ஃபர்டில் தேம்ஸ் மேல் கார் ஓட்டிக் காட்டினார்களே தவிர, நகரத்து நடுவில் ஆறு உறையவில்லை.

ஆறு உறையாது. பார்க் குளங்கள் உறையும். அங்கேதான் பிரச்சினை.

1867 ஜனவரி 15 அன்று ரீஜென்ட்ஸ் பார்க் ஏரியில் நூற்றுக்கணக்கானோர் ஐஸ் மேல் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். முதல் நாளே ஐஸ் உடைந்து 21 பேர் விழுந்து, அத்தனை பேரையும் தூக்கியிருந்தார்கள். அடுத்த நாளும் சனம் வந்தது. கரையில் உயிர்காக்கும் சங்கத்து ஆட்களும் நின்றார்கள். ஐஸ் மொத்தமாகச் சிதறி சுமார் 200 பேர் தண்ணீருக்குள் போனார்கள். 40 பேர் இறந்தார்கள். பிரிட்டனில் ஐஸ் உடைந்து இவ்வளவு பேர் செத்தது வேறு எப்போதும் இல்லை. ஏரி அப்போது 12 அடி ஆழம். பிறகு அதை 4 அடியாக்கிவிட்டார்கள். ஐஸை நம்ப முடியாது, ஆழத்தையாவது குறைப்போம் என்று எடுத்த முடிவு அது. இன்றைக்கு அந்த ஏரிக்கரையில் ஸ்ட்ரோலர் தள்ளிக்கொண்டு போகிற எங்கட அம்மாமாருக்கு இது தெரியவும் நியாயமில்லை, அங்கே நின்று பார்த்தால் வாத்துத்தான் தெரியும்.

பழங்கதை என்று தள்ள முடியாது. 2022 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. பேர்மிங்ஹாமுக்குக் கிட்ட சொலிஹல்லில் பாப்ஸ் மில் ஏரி. 6, 8, 10, 11 வயதில் நான்கு பையன்கள் இறந்தார்கள். தண்ணீரில் விழுந்த மற்றவர்களைக் காப்பாற்ற ஒருவன் ஓடினான் என்று அப்போதே செய்தி வந்தது. அன்றைக்கு இரவுதான் லண்டனிலும் ஸ்னோ கொட்டியது. அடுத்த நாள் எங்கட பிள்ளைகள் எல்லாரும் வெளியே நின்றார்கள். குளங்களும் உறைந்துதான் இருந்தன.

"எங்கட ஆட்களுக்கு அப்படி நடந்ததா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் பெயர் கேட்டு இழுப்பதில்லை. அப்படிக் கேட்பவர்களுக்கு 2016 ஓகஸ்ட் 24 ஞாபகம் இருக்க வேண்டும். லண்டனிலிருந்து காம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்குப் போன ஐந்து தமிழ் இளைஞர்கள், 18 முதல் 27 வயது, ஒரே நாளில் போனார்கள். பிளம்ஸ்ரெட்டிலும் கிரெனிச்சிலும் எத்தனை வீட்டில் அழுகை. அது நல்ல வெயில் நாள். வற்றுக் கடலில் கால் நனைகிற மணல் திட்டு, பெருக்கு வரும்போது சுற்றி வளைத்துவிடும் என்பது அந்தக் கரைக்காரருக்குத் தெரிந்த விஷயம். லண்டனிலிருந்து ஒரு நாள் போனவர்களுக்கு யார் சொன்னார்கள்? அன்றைக்கு அங்கே உயிர்காப்பாளரும் இல்லை. அதன் பிறகுதான் வைத்தார்கள். ஐஸ் வேறு, கடல் வேறு என்பது உண்மை. ஆனால் தண்ணீரை வாசிக்கத் தெரிந்த ஒருவர் முன்னே போய் ஒரு கொடியையோ தடியையோ நட்டிருக்காத இடத்தில் நாங்கள் இறங்கினோம் என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

எங்கட அப்பா அம்மா தலைமுறைக்குத் தண்ணீர் தெரியாதா? நன்றாகத் தெரியும். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வர வேறு பாதை இல்லாமல் கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தவர்கள் இந்த லண்டனில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். விளக்கு இல்லை, சத்தம் போட முடியாது, ஓட்டி சொன்ன இடத்தில் இருந்து, சொன்ன இடத்தில் இறங்கினார்கள். ஓட்டிக்குத்தான் வழி தெரியும் என்பதை யாரும் அவர்களுக்கு விளங்கப்படுத்தவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தவர்களும் அவர்கள்தான். ஆனால் அந்த அறிவு இங்கே பிறந்த பிள்ளைக்குப் போய்ச் சேரும்போது "குளத்துக்குக் கிட்டப் போகாதே" என்ற ஒரு வசனமாகச் சுருங்கிவிட்டது. காரணம் இல்லாத தடை. பத்து வயதுப் பிள்ளை ஐபாட்டில் கனடா மச்சான் ஏரிமேல் பறப்பதைப் பார்க்கிறான். அம்மம்மா சொன்னது பொய் என்று அவனுக்குத் தோன்றுவதில் என்ன ஆச்சரியம்?

ஆகவே காரணத்தைச் சொல்லுங்கள். சிம்கோ ஏரியில் வாரக்கணக்கில் பகலும் இரவும் மைனஸில் நின்றுதான் ஐஸ் தடிக்கிறது. லண்டனில் மூன்று நான்கு இரவு மைனஸ் மூன்று, நான்கு. பகலில் திரும்ப மேலே ஏறிவிடும். கிடைப்பது சில சென்ரிமீற்றர்தான். அதற்கு மேல் ஸ்னோ விழுந்தால் சனம் இன்னும் பத்திரம் என்று நினைக்கிறது. நேர்மாறு. ஸ்னோ போர்வை மாதிரி, குளிரைக் கீழே விடாது. ஐஸ் தடிப்பது நின்றுவிடும். வாத்து நிற்கிறது, நரி ஓடியது என்று பார்ப்பதும் அளவில்லை. கரையில் கல் எறிந்து பார்த்து உடையவில்லை என்று காலை வைப்பது அதைவிட மோசம், ஓரத்தில் தாங்கும் ஐஸ் நடுவில் தாங்காது.

விழுந்தால் என்ன நடக்கும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லலாம். பயந்துவிடும் என்று மறைக்கத் தேவையில்லை. கனடாவில் மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் தன் உடம்பையே ஐஸ் தண்ணீரில் பலமுறை போட்டு ஆராய்ந்தவர். அவர் பரப்பிய எளிய கணக்கு 1-10-1. முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் சொல் கேட்காது, தானாக இழுக்கும். வாய்க்குள் தண்ணீர் போகாமல் தலையை மேலே வைத்திருப்பதுதான் அந்த நிமிடத்து வேலை. அடுத்த பத்து நிமிடம் கைகால் ஓரளவு வேலை செய்யும், வெளியேற முயல வேண்டியது அப்போதுதான். குளிரில் நினைவு தப்ப ஒரு மணித்தியாலம் வரை ஆகலாம். வளர்ந்தவருக்கான கணக்கு அது, சிறு பிள்ளை உடம்பு இன்னும் கெதியாகக் குளிரும். நீச்சல் தெரியும் என்பது முதல் நிமிடத்தில் பெரிதாக உதவாது. இங்கிலாந்துப் பாடசாலைகளில் ஆரம்பப் பள்ளி முடிவதற்குள் 25 மீற்றர் நீந்தப் பழக்க வேண்டும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. ஆனால் அதைப் பழக்குவது சூடாக்கிய குளத்தில்.

வெளியே வருவதற்கு வந்த திசைக்கே திரும்ப வேண்டும். உங்களைத் தாங்கிய ஐஸ் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கைகளை ஐஸ் மேல் விரித்து, கால்களை மீன் வால் மாதிரிப் பின்னால் அடித்து, வயிற்றால் வழுக்கி ஏற வேண்டும். ஏறியதும் எழும்பி நிற்கக் கூடாது. உருண்டுதான் கரைக்கு வர வேண்டும். ஸ்னோமொபைல் ஓடுபவர்கள் கழுத்தில் இரண்டு கூர் ஆணிப் பிடி தொங்கவிட்டிருப்பது இதற்குத்தான், குத்திப் பிடித்து ஏற. கனடாவுக்குப் போகிற எங்கட பெடியள் வாடகைக்கு வண்டி எடுக்கும்போது ஹெல்மெற்றைப் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்வார்கள், அந்த ஆணிப் பிடியைக் கேட்டு வாங்குவார்களோ தெரியாது. மிதக்கும் உடுப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பொழுதுபட்ட பிறகு ஓடுவதில்லை என்று முடிவெடுங்கள். வேகமாகப் போனால் விளக்கு காட்டும் தூரத்துக்குள் வண்டி நிற்காது. குடித்துவிட்டு ஏறுவதைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் அடுத்த நாள் ஏரிக்குப் போகிற கூட்டத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியாததா?

கரையில் நிற்பவருக்கான பாடம்தான் ஆகக் கடினம். பிள்ளை விழுந்தால் தாய் ஓடுவாள். அண்ணன் ஓடுவான். ஓடினால் இரண்டாவது ஆளும் உள்ளே. கரையிலேயே நின்று 999க்கு அடித்துத் தீயணைப்புப் படை என்று சொல்ல வேண்டும், கத்திக் கத்தி வழி சொல்ல வேண்டும், கயிறோ சால்வையோ கிளையோ எறிய வேண்டும். இதை அந்த நேரத்தில் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. முன்பே நூறு தடவை சொல்லியிருக்க வேண்டும்.

தடி நட்ட பாதைகளும் இனி எவ்வளவு காலம் என்பது வேறு கேள்வி. ஒட்டாவாவில் உறைந்த ரிடோ கால்வாய் மேல் 7.8 கிலோமீற்றர் சறுக்குப் பாதை, 1970களின் தொடக்கத்திலிருந்து வருடா வருடம் திறப்பார்கள். 2022-23 குளிர்காலத்தில் முதல் தடவையாக ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. அதற்கடுத்த குளிர்காலத்தில் அமெரிக்க-கனடாப் பேரேரிகளில் ஐஸ் மிக அரிதாகிப்போனது. இருபது வருடமாக அதே ஏரியில் ஓடியவனின் அனுபவமும் பிழைக்கத் தொடங்கிவிட்டது. "போன வருடம் இந்த நேரம் ஓடினோமே" என்று சொல்கிற கனடா அண்ணன்மாரிடம் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

லண்டனில் எங்களிடம் ஒரு வசதி இருக்கிறது. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கூடும் தமிழ்ப் பள்ளிகள். ஹரோ முதல் குரொய்டன் வரை, நூற்றுக்கணக்கான பிள்ளைகளும் வாசலில் காத்திருக்கும் பெற்றோரும் அம்மம்மா அப்பப்பாமாரும் ஒரே இடத்தில். ஒளிவிழாவுக்கு மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறோம், நல்லது. டிசம்பர் முதல் வாரத்தில் அரை மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்கினால் பாடத்திட்டம் கெட்டுப்போகாது. உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தைக் கேட்டால் ஆள் வரக்கூடும். வராவிட்டாலும் பரவாயில்லை. மண்டபத்து நிலத்தில் சோக்கால் ஒரு குளம் கீறி, நடுவில் ஒரு பிள்ளையைப் படுக்க வைத்து, கரையில் நிற்கும் பிள்ளைகளிடம் 10 மீற்றர் கயிற்றைக் கொடுத்து எறியச் சொல்லுங்கள். கோட்டைத் தாண்டிக் கால் வைத்தவர் அவுட். முதல் தடவை பாதிப் பேர் தாண்டுவார்கள். திரும்பச் செய்யுங்கள்.